சும்மா இருக்க ஒரு கூலி

இலுப்பைக் காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்துக்குக் காவல்காரன் ஓர் ஆட்காட்டிக் குருவி.

காவல் என்றால் லேசுப்பட்ட காரியமா? தண்ணீர் குடிக்கிறவன் யாரானாலும் தலையைக் குனிந்தாக வேண்டும். குனிந்தவனுக்கு முன்னால் இருக்கும் தண்ணீர்தான் தெரியும். பின்னால் வரும் சிறுத்தை தெரியாது. அதனால் ஆட்காட்டி கரைமேட்டுக் கல்லின்மேல் நின்று நாலு பக்கமும் பார்க்கும். ஒரு புல் தப்பாக அசைந்தால் போதும். "டிட்டிட்டீ! டிட்டிட்டீ!" என்று காடே அதிரக் கத்தும். அப்புறம் கரையில் ஒரு வாலைக்கூடப் பார்க்க முடியாது!

இந்த வேலைக்குக் கூலி உண்டு. என்ன கூலி தெரியுமா? சேறு! தண்ணீர் குடித்து முடித்தவர்கள் சும்மா போய்விடக் கூடாது. கரைச் சேற்றைக் கிளறிவிட்டுத்தான் போகவேண்டும். காட்டுப்பன்றி மூக்கால் உழும். காட்டெருமை காலால் மிதிக்கும். மான்கள் குளம்பால் கீறும். உள்ளே இருக்கிற மண்புழுவும் பூச்சியும் மேலே வரும். ஆட்காட்டியும் அதன் பெண்டாட்டியும் இறங்கி வந்து பொறுக்கித் தின்னும்.

அடடா, அது ஒரு காலம்! சாயங்காலம் ஆனால் குளக்கரை திருவிழா மாதிரி இருக்கும். பன்றிக்குட்டிகள் சேறு கிளறுகிறோம் என்று சொல்லி அதிலேயே உருண்டு புரண்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். மான்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் வயிறு முட்டக் குடிக்கும். ஆமாம், கண்ணை மூடிக்கொண்டுதான்! கிழக் காட்டெருமை மிதிக்கிற மிதியில் தண்ணீர் தெறிக்கும்.

"என்ன தம்பி, போதுமா? இன்னும் ரெண்டு மிதி மிதிக்கட்டுமா?" என்று கேட்கும்.

"போதும் பெரியப்பா! இதுக்கு மேல தின்னா உங்க மருமகளால பறக்க முடியாது!" என்று ஆட்காட்டி சொல்லும். கரை முழுக்கச் சிரிக்கும். நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சை என்னவோ செய்கிறது.

அப்புறம் மழை ஏமாற்றியது. அடுத்த வருஷமும் ஏமாற்றியது. குளம் சுருங்கி நடுவில் ஒரு குட்டையாக நின்றது. கரை வெடித்து ஓடு மாதிரி இறுகிப்போனது. எல்லோருக்கும் அவரவர் பாடே பெரும்பாடு. வருவார்கள், குடிப்பார்கள், இரை தேடி ஓடுவார்கள்.

முதலில் பன்றிதான் ஆரம்பித்தது. "தம்பி, இன்னைக்கு அவசரம். நாளைக்குச் சேர்த்துக் கிளறிடறேன்!" என்றது. அந்த நாளை வரவே இல்லை. காட்டெருமை, "முட்டி வலிக்குதுப்பா" என்றது. மான்கள் நாலு கீறல் கீறிப் பார்த்தன. ஒன்றும் வராததால் அவையும் விட்டுவிட்டன. ஆனால் குனிந்து குடிப்பதை மட்டும் யாரும் விடவில்லை! காவல் வேண்டும், கூலி மறந்துபோகும். நல்ல நியாயம்!

ஆட்காட்டி கல்லின்மேல் நின்றபடியேதான் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் பெட்டை நாலு முட்டை இட்டிருந்தது. வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, அது குட்டையில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். அப்படிப் பாடுபட்டுக் காப்பாற்றிய நாலும் குஞ்சு பொரித்தன. ஆட்காட்டிக் குஞ்சுகளுக்கு யாரும் ஊட்ட வேண்டாம். பிறந்த அன்றே ஓடி, தானே பொறுக்கித் தின்னும். ஆனால் பொறுக்க ஏதாவது இருக்கவேண்டுமே! கட்டாந்தரையைக் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டு, குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"ஏங்க, பன்றியண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றது பெட்டை.

"என்னன்னு சொல்றது?"

"நம்ம கூலியைக் கேளுங்க!"

"கேட்டு வாங்கினா அதுக்குப் பேரு பிச்சைடி! அவங்களுக்கே தெரிய வேண்டாமா?"

"அழுத பிள்ளைக்குத்தாங்க பால். நீங்க கல்லு மேல கம்பீரமா நின்னா, வயிறு நிறைஞ்சிருக்குன்னு நினைச்சுக்குவாங்க."

ஆட்காட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டது. மானம் என்று அது நினைத்தது. வீம்பு என்று நான் சொல்வேன். அன்று வாயைத் திறந்து கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

மறுநாள் காலையில் ஒரு கீரி வந்தது. சிறுத்தை தின்று மிச்சம் வைத்ததில் வயிறு வளர்க்கிற கீரி அது. பேச்சில் தேன் ஒழுகும்.

"என்ன மாப்ளே, பிள்ளைங்க இப்படி வாடிப் போயிருக்கு? பார்க்கவே முடியலையே!"

"காலம் அப்படி" என்றது ஆட்காட்டி.

"கிழக்குப் பக்கம் பெரிய பாறை இருக்குல்ல? அடியில ஊத்துக் கசியுது. புழுவும் நத்தையும் கொட்டிக் கிடக்கு. உன் பிள்ளைங்க வந்து மேயட்டுமே!"

"அது சிறுத்தையோட இடமாச்சே!"

"அட, பெரியவர்கிட்ட நான் சொல்லிட்டேன். உன் குஞ்சுங்க மேல ஒரு நிழல்கூட விழாது. நானும் தொடமாட்டேன். அதுக்குப் பதிலா அவர் ஒண்ணே ஒண்ணு கேக்குறார். ஒரு நாள் சாயங்காலம் அவர் நாணல் வழியா வருவார். அப்போ நீ சும்மா இருக்கணும்."

ஆட்காட்டி துள்ளி எழுந்தது. "சீ! என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"

"யார் சொன்னா பொய் சொல்லுன்னு? ஒரு வார்த்தை பேச வேண்டாம் மாப்ளே! சும்மா இரு. வேலை செய்யறதுக்கே உனக்கு எவனும் கூலி தரலை. சும்மா இருக்கிறதுக்கு அவர் தர்றார். யோசிச்சுப் பாரு!"

அந்த நேரத்தில் கடைசிக் குஞ்சு கால் மடங்கி விழுந்தது. எழுந்திருக்கப் பார்த்தது, முடியவில்லை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். தன் பசி என்றால் பத்தும்தான் பறக்கும். பிள்ளைகளின் பசி என்றால் பதினொன்றாவதும் பறந்துவிடும்!

"ஒரு நாள்தானே?" என்று கேட்டது ஆட்காட்டி.

"ஒரே ஒரு நாள்!" என்றது கீரி.

அன்றே குஞ்சுகள் பாறை ஊற்றுக்குப் போயின. அடேயப்பா, என்ன தீனி! இரண்டொரு நாளிலேயே நாலும் குடுகுடுவென்று ஓட ஆரம்பித்தன. அப்பன் மனது குளிர்ந்தது. ஆனால் பெட்டை சும்மா விடவில்லை.

"இதையெல்லாம் யார் கொடுத்தது?"

"வேலைக்குக் கூலிதான்."

"எந்த வேலைக்கு?"

ஆட்காட்டி பறந்துபோய்க் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டது.

சிறுத்தை உடனே வரவில்லை. அதற்குப் பொறுமை அதிகம். ஒவ்வொரு சாயங்காலமும் ஆட்காட்டி நாணலைப் பார்க்கும். ஒன்றும் அசையாது. 'அது வராமலே போய்விடும். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லாமல் என் பிள்ளைகள் பிழைத்துக்கொள்ளும்' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்ளும். தப்பு செய்கிறவர்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு சமாதானம் கைவசம் இருக்கும்.

ஒரு நாள் வெயில் சாய்ந்த நேரம். புள்ளிமான் தன் குட்டியை முதல்முதலாகக் குளத்துக்கு அழைத்து வந்தது. பன்றியும் காட்டெருமையும் பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்தன. குட்டி, தண்ணீருக்குப் பக்கத்தில் போனது. குனிந்தது. சட்டென்று நிமிர்ந்தது.

"அம்மா, குனிஞ்சா ஒண்ணுமே தெரியலை. பயமா இருக்கு!"

"பயப்படாதே கண்ணு. அதோ கல்லு மேல பாரு, ஆட்காட்டி மாமா நிக்கிறார். மாமா கத்தினா ஓடணும். சும்மா இருந்தா பயம் இல்லைன்னு அர்த்தம். நீ குடி."

குட்டி நிமிர்ந்து ஆட்காட்டியைப் பார்த்தது. வாலை ஆட்டியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடிக்க ஆரம்பித்தது.

நாணல் அசைந்தது.

ஆட்காட்டி பார்த்துவிட்டது. மஞ்சள் தோல், கறுப்புப் புள்ளி, தரையோடு தரையாக வயிறு. ஆட்காட்டியின் அலகு மூடியே இருந்தது. 'நான் பொய் சொல்லவில்லை, சும்மாதானே இருக்கிறேன்' என்று நினைக்கப் பார்த்தது. நினைக்க முடியவில்லை. சும்மா இருந்தால் பயம் இல்லை என்று அர்த்தமாம்! அப்படியானால் இந்த நிமிஷம் அது சும்மா இருக்கவில்லை. 'பயம் இல்லை, குடி' என்று அந்தக் குட்டியிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது! ஐயோ!

"டிட்டிட்டீ! டிட்டிட்டீ! டிட்டிட்டீ!"

சிறுத்தை பாய்ந்தது. தாய்மான் குட்டியை முட்டித் தள்ளியது. பன்றி ஒரு பக்கம், எருமை ஒரு பக்கம். குட்டியும் ஓடியது. ஆனால் அதன் பின்னங்கால் தொடையில் நகம் ஆழமாகக் கிழித்துவிட்டது. கொஞ்சம் முன்னால் கத்தியிருந்தால் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

சிறுத்தை உறுமிக்கொண்டே திரும்பிப் போனது. கீரி நாணலுக்குள் இருந்து தலையை நீட்டிப் பல்லைக் கடித்தது.

"தின்ன வீட்டுக்கே துரோகம் பண்ணிட்டியே! இனி உன் குஞ்சு பாறைப் பக்கம் காலை வச்சுப் பார்க்கட்டும், நானே கடிச்சுத் தின்னுடறேன்!"

மேட்டில் எல்லோரும் மூச்சு வாங்கக் கூடினார்கள். தாய்மான் குட்டியின் காயத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"ஆட்காட்டின்னா ஆட்காட்டிதான்! தம்பி மட்டும் இல்லைன்னா இன்னைக்குக் குட்டி போயிருக்கும்!" என்று பன்றி உரக்கச் சொன்னது.

"நூத்துல ஒரு காவல்காரன்!" என்றது காட்டெருமை.

இப்போதும் உண்மையைச் சொல்லாமல் சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. வேலையும் போகாது, பெயரும் கெடாது. ஆட்காட்டி பெட்டையைப் பார்த்தது. பெட்டை குஞ்சுகளைச் சிறகுக்குள் இழுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

"புகழாதீங்க" என்றது ஆட்காட்டி. "நான் முன்னாடியே பார்த்துட்டேன். பார்த்துட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருக்கக் கூலி வாங்கியிருந்தேன்."

பன்றி ஆத்திரத்தில் குதித்தது.

"அடப்பாவி! வேலியே பயிரை மேய்ஞ்ச கதையா? துரத்துங்க இவனை! வேற ஆள் வச்சுக்குவோம்!"

"வேற ஆளுக்கு மட்டும் கூலி கொடுப்பீங்களா பன்றியண்ணே?" என்று கேட்டது தாய்மான்.

பன்றி இரண்டடி பின்வாங்கியது.

தாய்மான் எழுந்து ஆட்காட்டியின் முன்னால் வந்து நின்றது. அதன் கண்ணில் நீர் வழிந்தது.

"அண்ணே, என் பிள்ளை இனிமே நொண்டிதான். அதை நான் மறக்கமாட்டேன். பசிக்குதுன்னு ஒரு வார்த்தை எங்ககிட்டக் கேட்டிருக்கலாம். கேட்கக் கூச்சப்பட்டீங்க, எங்களை விற்கக் கூச்சப்படலையே!"

ஆட்காட்டி தலையைக் குனிந்துகொண்டது. மான் குட்டையோரம் இறங்கிப் போனது. ஈரம் இருக்கிற இடமாகப் பார்த்து, முன்னங்காலால் மண்ணைக் கீற ஆரம்பித்தது. இறுகிய மண் லேசில் பெயரவில்லை. அது விடாமல் கீறியது.

"இது மன்னிப்பு இல்லை" என்று திரும்பாமலே சொன்னது. "இது கூலி. கொடுக்காம விட்டது எங்க தப்பு. வந்து பிள்ளைங்களைப் பொறுக்கச் சொல்லுங்க."

முதலில் காட்டெருமைதான் இறங்கியது. முட்டி வலி எங்கே போனதோ! பன்றியும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, மூக்கைத் தரையில் ஊன்றி உழுதது. நிறையப் புழு வரவில்லை. ஏதோ நாலு வந்தது. குஞ்சுகள் ஓடிவந்து மானின் குளம்புக்கு நடுவில் புகுந்து பொறுக்கின. ஆட்காட்டி ஒன்றைக்கூடத் தொடவில்லை. கல்லின்மேல் ஏறி நின்று நாணலைப் பார்த்துக்கொண்டு அழுதது.

அடுத்த வருஷம் நல்ல மழை. குளம் நிறைந்தது. கூலிச் சேற்றைக் கிளறாமல் யாரும் கரை ஏறவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் சொல்ல ஆசைப்படுகிறேன். ஆனால் பழைய சாயங்காலம் திரும்பவே இல்லை. இன்றைக்கும் மான் தண்ணீர் குடிப்பதைப் பாருங்கள். இரண்டு மடக்குக் குடிக்கும், நிமிர்ந்து பார்க்கும். மறுபடி இரண்டு மடக்குக் குடிக்கும், மறுபடி நிமிர்ந்து பார்க்கும். ஆட்காட்டியோ, ஆடு வந்தாலும் கத்தும், நீங்களும் நானும் நடந்து போனாலும் கத்தும். "எதுக்கப்பா இந்தக் கத்து கத்துறே?" என்று கேட்டால், "ஒரு தடவை சும்மா இருந்துட்டேன்" என்று சொல்லுமாம்.

வயிறு காய்ந்தால் வாயைத் திறந்து உன் கூலியைக் கேள். வாயை மூடுவதற்கு மட்டும் கூலி வாங்காதே.