வலி நாற்பது, ஊசி மூன்று

தாட்சாயணியிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலைதான் வரும். அது தெரிந்தும் மரியதாஸ் கேட்டார். வேறு வழி இல்லை.

மரியதாஸுக்கு நாற்பத்து நான்கு வயது. ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுக் கோவையில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் தாட்சாயணியிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தார். அவளுக்கு இருபத்தொன்பது. அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். யார் குரு என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

ஆட்டம் இதுதான். ஐந்து பேர் ஓர் அணி. ஆளுக்கொரு கம்ப்யூட்டர். சேர்ந்து ஒரு மலைக்கோட்டையில் ஏற வேண்டும். மேலிருந்து அம்பு வரும். பட்டால் வலி: திரையின் ஓரம் இருளும், திரையில் தெரியும் கை நடுங்கும், குறி தப்பும். ஆளுக்கு மூன்று ஊசி உண்டு. தனக்கும் போட்டுக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் போடலாம். ஒன்று போட்டால் அறுபது செகண்ட் வலி தெரியாது. காயம் மட்டும் அப்படியே இருக்கும்.

அந்த வலியும் ஊசியும் மரியதாஸின் எட்டு மாத வேலை.

"வெள்ளிக்கிழமை கடைசி சோதனைங்க மேடம். அதுலயும் சரி வரலைன்னா வலியை மொத்தமா தூக்கிடச் சொல்லிட்டார் முதலாளி."

"என்ன சரி வரலை?"

"அடிவாரக் கதவு திறந்ததும் எல்லாரும் ஊசியைப் போட்டுக்கறாங்க. அம்பே வந்திருக்காது. சாப்பிட உக்கார்றதுக்கு முன்னாடி கை கழுவற மாதிரி. வலியைக் கூட்டினா ஆட்டத்தை விட்டே போயிடறாங்க. குறைச்சா யாரும் கண்டுக்கறதில்லை. எவ்வளவு வைக்கணும்?"

"இப்ப எவ்வளவு?"

"நாற்பது."

"நாற்பதுன்னா எப்படி இருக்கும்?"

"நடுத்தரமா."

"பட்டிருக்கீங்களா?"

"எழுதினதே நான்தானே."

"அதைக் கேக்கலைண்ணா."

அவரை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆட்டத்தைத் திறந்தாள். வேண்டுமென்றே வெட்டவெளியில் போய் நின்றாள். தோளில் அம்பு பாய்ந்தது. கை நடுங்கவில்லை. திரை இருளவில்லை. இன்னொரு அம்பு. ஒன்றும் இல்லை.

திரும்பிப் பார்த்தாள்.

"என் மெஷின்ல மட்டும் வலியை அணைச்சு வெச்சிருக்கேன்," என்றார் மரியதாஸ். "கை நடுங்கினா மத்ததைச் சரிபார்க்க முடியலைங்க. ரெண்டாம் நாளே அணைச்சேன். அப்புறம்..."

"எட்டு மாசம்."

"ஆமாங்க."

அவள் சிரித்துவிட்டாள். மறைக்கவும் இல்லை. "அப்ப முதல் ஊசி போட்டுக்கிட்டது நீங்கதான்."

 மரியதாஸ் தன் மெஷினில் வலியை மறுபடி இயக்கிவிட்டு உட்கார்ந்தார். அவள் பக்கத்து மெஷினில் அதே ஆட்டத்துக்குள் வந்தாள்.

முதல் வளைவிலேயே அவருக்கு அம்பு. கை நடுங்கியது. ஊசிப் பையைத் திறந்தார். காலி. அவள் ஊசிகளை எடுத்துவிட்டிருந்தாள். அவள் பையில் மட்டும் மூன்று. அவள் முன்னால் ஏறிப் போய்க்கொண்டே இருந்தாள்.

அவர் அவளைக் கூப்பிடவில்லை. நடுங்கிக்கொண்டே ஏறினார். செத்தார்.

மறுபடி ஆரம்பித்தார்கள். மறுபடி அம்பு, மறுபடி பேசாமல் ஏறினார், மறுபடி செத்தார்.

மூன்றாம் முறை பாறைக்குப் பின்னால் கிடந்தார். திரையில் பாதி இருட்டு. ரொம்ப நேரம் கிடந்தார்.

"மேடம், என்னால முடியலைங்க."

அதுவரை திரும்பிப் பார்க்காதவள் அந்த நொடியே திரும்பினாள். பாதி மலை இறங்கி, வெட்டவெளியைக் கடந்து ஓடி வந்தாள். வரும் வழியில் அவளுக்கு இரண்டு அம்பு. வந்து ஊசியைப் போட்டாள்.

அவர் திரை தெளிந்தது. அவள் திரை இருண்டது.

மரியதாஸ் அவளை இழுத்துப் பாறைக்குப் பின்னால் சேர்த்தார். அதற்கே நாற்பது செகண்ட் போய்விட்டது. மீதி இருபதில் அவளை மறைத்துக்கொண்டு நின்றார்.

"இந்த அறுபது செகண்டை இப்படிச் செலவு பண்ணச் சொன்னேனா நான்?"

"இல்லைங்க."

அவள் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டாள்.

மரியதாஸ் வலியைத் தொடவே இல்லை. அது நாற்பதிலேயே இருந்தது. ஊசியையும் குறைக்கவில்லை. ஒரு விதியைத்தான் மாற்றினார்: உன் ஊசி உன் உடம்பில் ஏறாது. அடுத்தவருக்கு மட்டும்தான் போடலாம். உனக்கு வலித்தால், வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு காலேஜிலிருந்து ஐந்து பேர் சோதனைக்கு வந்தார்கள். கதவு திறந்ததும் ஐந்து பேரும் ஊசியை அழுத்தினார்கள். ஏறவில்லை.

"என்னடா இது, ஊசி போலியா?" என்றான் தினகர் என்கிற பையன்.

ஊசி அடுத்தவருக்குத்தான் ஏறும் என்று தெரிந்ததும் அறையில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இங்க வா. எனக்கு, எனக்கு. இருடா வர்றேன். முன்னெல்லாம் சோதனைக்கு வருகிறவர்கள் ஹெட்போனை மாட்டினால் பக்கத்தில் யார் இருக்கிறார் என்றே பார்க்க மாட்டார்கள்.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி, "வலி இருக்கட்டும்," என்றார். அவ்வளவுதான். எட்டு மாசம் பிழைத்தது.

ஆனால் மூன்றாவது ஆட்டத்தில் வேறொன்று நடந்தது. நிலோஃபர் என்ற பெண் மதிலுக்கு வெளியே அடிபட்டுக் கிடந்தாள். நாலு தடவை கூப்பிட்டாள். மிக அருகில் இருந்தது தினகர். அவனிடம் ஊசியும் இருந்தது. கோட்டை உச்சி பத்தடியில் தெரிந்தது. அவன் ஏறிப் போய்விட்டான். அவள் அங்கேயே செத்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்தாள்.

முதலாளியின் முகம் மாறியது. "அந்தப் பொண்ணு மாதிரி யாரும் கிடக்கக் கூடாது. ஏதாவது பண்ணுங்க."

மரியதாஸ் உடனே எழுத உட்கார்ந்தார். கூப்பிட்டு ஐந்து செகண்டுக்குள் யாரும் வராவிட்டால், பக்கத்தில் இருப்பவர் பையிலிருந்து ஊசி தானாகவே போய் ஏறிவிடும். பதினோரு வரி. நல்ல விதி. தாட்சாயணியிடம் காட்டினார்.

"சேத்துடலாமா மேடம்?"

"அடுத்த ஆட்டம் ஆரம்பிக்குது. பாருங்க."

நிலோஃபர் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை பாதி மலையிலேயே தினகருக்கு அம்பு. ஒன்றல்ல, மூன்று. அவனால் நிற்கவே முடியவில்லை. மற்ற மூன்று பேரும் முன்னால் போய்விட்டார்கள். பக்கத்தில் இருந்தது நிலோஃபர் மட்டும்.

"நிலோ," என்றான். 

அவள் ஊசியைக் கையில் எடுத்தாள். நின்றாள். சும்மா நின்றாள்.   தினகர் இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. கூப்பிட அவனுக்கு வாய் எழவில்லை.

பத்து செகண்ட் இருக்கும்.

"எருமை," என்றாள் நிலோஃபர். "அப்ப உனக்குக் காது அடைச்சிருந்துதா? கையை நீட்டித் தொலை."

ஊசி ஏறியது. அவன் எழுந்து அவளுக்கு முன்னால் போய் நின்றான். அடுத்த அம்பு அவன் மேல்தான் பட்டது. அவள் திட்டுவதை நிறுத்தவே இல்லை.

மரியதாஸ் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய பதினோரு வரியும் மெஷினில் திறந்தபடியே இருந்தது.

தாட்சாயணி அதைக் கடைசி வரை படித்தாள். தப்பு ஏதும் இல்லை.

"நல்லா எழுதியிருக்கீங்கண்ணா," என்றாள். "அவ சும்மா நின்னாளே பத்து செகண்ட், அது இதுல எந்த வரியில வருது?"