மணக்கும் சம்பளம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் அவசரப்பட்டு இப்போதே சிரித்துவிடாதீர்கள். எப்போது என்று நான் சொல்கிறேன். அதுவரை வாயை மூடி, மூக்கை மட்டும் திறந்து வைத்திருங்கள்.

ரொம்ப காலத்துக்கு முன்னால் வெண்ணாவூர் என்ற நாட்டை ஒரு ராஜா ஆண்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, ஊர் வைத்த பெயர் சந்தேகவர்மர். தன் நிழலையே திரும்பிப் பார்த்து, "உன்னை யார் அனுப்பியது?" என்பார். பாலை முதலில் பூனைக்கு வைப்பார். பூனை குடித்துவிட்டால் பூனைமேல் சந்தேகம். வார்த்தைக்கு வார்த்தை "ஏன்? எதுக்கு?" இதை மட்டும் ஒற்றைப் புருவத்தைத் தூக்கிக்கொண்டு படிக்கவும்.

அவருடைய பொக்கிஷக்காரர் பூதலிங்கம். நெய்யில் ஊறிய குரல்: "மகாராஜாஆஆ..." நாட்டின் பணத்தைப் பெட்டியில் பூட்டுகிறவர், சொந்தப் பணத்துக்கு எந்தப் பெட்டியையும் நம்பமாட்டார். இடுப்பு மடியில் முடிந்துகொண்டேதான் தூங்குவார்.

அரண்மனைப் பள்ளிக்கூடத்தில் சிலம்பாயி என்று ஓர் உதவி வாத்தியாரம்மா. பெரிய வாத்தியார் குறட்டை விடுவார். மணலில் எழுத்துப் போட்டுக் காட்டுவது, அழுகிற பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுவது எல்லாம் இவள்தான். சம்பளம் மாசம் பத்துக் காசு. அது ராஜாவின் தாத்தா வைத்த கணக்கு. தாத்தா மேலே போய்விட்டார், அரிசி விலையும் மேலே போய்விட்டது, பத்துக் காசு மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

ஒருநாள் அவள் சபைக்கு வந்து கும்பிட்டாள். "மகாராஜா, சம்பளம் பாதி மாசத்துக்குத்தான் வருது. கொஞ்சம் கூட்டித் தரணும்."

பூதலிங்கம் குறுக்கே பாய்ந்தார். "மகாராஜாஆஆ! பாதி மாசத்துக்குத்தான் வருதாம். மீதிப் பாதி இவள் செத்தா கிடந்தாள்? கல்லுமாதிரி நிற்கிறாளே! அந்தச் சோறு எங்கிருந்து வந்தது?"

ராஜாவின் புருவம் ஏறியது. "அதானே! நீ உயிரோடு இருக்கிறாயே, ஏன்? எதுக்கு?"

"சாயங்காலம் பூக்கட்டுறேன். அக்கம்பக்கத்துக்கு மாவாட்டுறேன். ஒருவேளை சாப்பிடுறேன்."

"பொய்!" என்றார் பூதலிங்கம். "சம்பளத்தைப் பதுக்கிவிட்டு அரண்மனை அரிசியைத் தின்கிறாள். வேலையிலிருந்து நீக்கி, ஊரைவிட்டே துரத்தணும்!"

சிலம்பாயிக்கு இந்த வேலையும் போனால் வாடகைக்கே வழியில்லை. ஆனாலும் மெதுவாகக் கேட்டாள்: "நான் பதுக்கியிருந்தா விரட்டுங்க ஐயா. வேற யார்கிட்டயாவது இருந்தா?"

"யார் மடியில் இருந்தாலும் சரி!" என்று கத்தினார் பூதலிங்கம். "அந்த ஆள் ஒரு வருஷம் அதே பத்துக் காசில் பிழைத்துக் காட்டட்டும்!"

"சபை கேட்டுக்கொண்டது," என்றார் ராஜா.

"மகாராஜா, உங்க காதுல மட்டும் ஒண்ணு சொல்லணும்."

ரகசியம் என்றால் ராஜாவுக்கு வெல்லம். இருந்தாலும் கடுக்கனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் காதைக் கொடுத்தார். அவள் சொன்னதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: "இந்த மாசக் காசைப் பெருங்காயத் தண்ணியில ஊறவச்சுக் குடுங்க. அது எங்க போய் உட்காருதுன்னு உங்க மூக்கே சொல்லும்."

ராஜா அப்படியே ஊறவைத்துத் தன் கையாலேயே கொடுத்தார். ஆறு காசு வாடகைக்குப் போனது. அந்த வீடு ரகசியமாகப் பூதலிங்கத்துடையது. மீதி அரிசிக்கும் எண்ணெய்க்கும் போனது. கடைப் பெயர் அவர் மச்சானுடையது, கல்லா பூதலிங்கத்துடையது. பத்தும் அவர் மடிக்கே வந்து சேர்ந்தன.

அன்றிலிருந்து பூதலிங்கத்துக்கு எங்கே போனாலும் பெருங்காய நெடி. சமையல்காரனைச் சந்தேகப்பட்டு நிறுத்தினார். மனைவியைச் சந்தேகப்பட்டுத் திட்டு வாங்கினார். வண்டி மாட்டைக்கூட மோந்து பார்த்தார்.

அடுத்த சபையில் ராஜா மூக்கை உறிஞ்சினார். "பெருங்காயம்?"

"ஆமாம் மகாராஜாஆஆ! ஊர் முழுக்க இதே நாற்றம்! ஏதோ சதி!"

"சதி என்னுடையதுதான். இவள் சம்பளத்தை அதில் ஊறவைத்தேன். மணம் யாரிடமோ, காசு அவரிடம். நீயே மோந்து கண்டுபிடி."

பூதலிங்கம் துள்ளிக்கொண்டு சிலம்பாயியின் பக்கம் போனார். "இவளிடம்தான் மகாராஜாஆஆ!" பக்கத்தில் நின்ற சேனாதிபதியிடம் போனார். "அட, இவரிடமும்!" தூணை மோந்தார். "தூணிலுமா!" சிம்மாசனம்வரை வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "தங்களிடமும்கூட..."

"ஏன்? எதுக்கு?" என்றார் ராஜா.

பூதலிங்கம் தலைசுற்றி வாசல்பக்கம் தனியாக ஒதுங்கினார். அங்கேயும் அதே நெடி.

ராஜா சிலம்பாயியைப் பார்த்தார். "அம்மா, இன்றிலிருந்து உனக்கு முப்பது காசு. இனி அரிசி விலை ஏறினால் சம்பளமும் ஏறும்."

"அத்தனை காசுக்கு எங்கே போவது?" என்று வாசலிலிருந்தே கத்தினார் பூதலிங்கம்.

"ஒரு பெரிய உத்தியோகஸ்தரின் சம்பளம், பத்துக் காசு போக, ஒரு வருஷத்துக்கு மிச்சமாகப் போகிறதே."

"யாருடையது?"

சபை மொத்தமும் அவர் இடுப்பையே பார்த்தது. அவர் ஒரு மூச்சு இழுத்தார். தலை மெல்லக் குனிந்தது. கை தானாக மடியைப் பொத்தியது.

"மகாராஜா..."

இந்தத் தடவை 'ஆஆ' வரவில்லை.

ம், இப்போது சிரியுங்கள்.