ஆவாரம்பூ அதிகாரிகள்

செம்மண் காட்டு ஏரிக்கரையில் மூக்காயி என்றொரு ஆள்காட்டிக் குருவி இருந்தாள். கரையடியில், கூழாங்கற்களுக்கு நடுவே நாலு முட்டை இட்டிருந்தாள்.

ஆள்காட்டிக்கு மரத்தில் கூடு கட்டும் வழக்கமில்லை. வெட்டவெளியில் நாலு கல்லைத் தள்ளிவிட்டு அங்கேயே முட்டையிடும். அதனால் அதற்கு வாய்தான் வேலி. நரி வந்தாலும் கத்தும், பாம்பு வந்தாலும் கத்தும், காற்றில் சருகு புரண்டாலும் கத்தும். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் காட்டில் பாதிப் பிராணிகள் உயிரோடு இருந்தன.

அந்த வாய்க்குத்தான் பூட்டுப் போட்டார்கள்!

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிங்க அரசர் பிடரிவேந்தர் ஒருநாள் ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வந்தார். கால் வழுக்கியது. நாலு காலும் மேலே போக, முதுகு சேற்றில் பதிந்தது. மூக்காயி சும்மா இருப்பாளா?

"ராசா விழுந்துட்டாரு! ராசா விழுந்துட்டாரு!"

முயல்கள் வளையைவிட்டு ஓடிவந்து பார்த்தன. குரங்குகள் சிரித்த சிரிப்பில் இரண்டு கிளை முறிந்தது. பிடரிவேந்தருக்கு மானம் போயிற்று.

அன்று மாலையே மந்திரி முள்ளம்பன்றியைக் கூப்பிட்டார். மந்திரி தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கித்தான் எதையும் எழுதுவார். ஒவ்வொரு முறையும் வலிக்கும். அதனால் அவர் எழுதும் உத்தரவெல்லாம் எரிச்சலோடுதான் இருக்கும்.

தேக்கிலையில் இப்படி எழுதினார்: "அரசுப் பணியில் உள்ள எவரும் தாம் கண்டதை, கேட்டதை, மோப்பம் பிடித்ததைப் பொதுமக்களிடம் சொல்லக் கூடாது. காட்டின் பாதுகாப்புக் கருதி இவ்வுத்தரவு. மீறுவோரின் முட்டையோ குட்டியோ அரசரின் காலை உணவில் சேர்க்கப்படும். தலையில் ஆவாரம்பூச் சூடியவர் அதிகாரி. சூடாதவர் எவராயினும் பொதுமக்கள்."

பிறகு காட்டில் யாருக்கெல்லாம் வாய் நீளமோ அவர்களையெல்லாம் தேடிப் பிடித்து அதிகாரி ஆக்கினார். மூக்காயி தலையில் ஒரு பூவைச் செருகி, "இன்று முதல் நீ ஏரிக்கரைக் கண்காணிப்பு அதிகாரி!" என்றார். உத்தரவு இலையின் படி ஒன்றையும் கையில் கொடுத்தார்.

மூக்காயிக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் தலையை ஆட்டாமலே நடந்தாள், பூ விழுந்துவிடுமே என்று.

மூன்றாம் நாளிலிருந்து காட்டில் கூத்து ஆரம்பித்தது. காட்டுச்சேவலும் அதிகாரி அல்லவா? பொழுது விடிந்தும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மான் போய்க் கேட்டது.

"ஏம்ப்பா, விடிஞ்சிருச்சா?"

"விடிந்ததா இல்லையா என்பது குறித்துக் கருத்துக் கூற எனக்கு அதிகாரமில்லை!" என்றது சேவல், சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தவளைகள் மழைத்துறை. மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. ஒரு தவளையும் கத்தவில்லை. நனைந்துகொண்டே வந்த எலி, "இது மழைதானே?" என்று கேட்டதற்கு, "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது.

இப்படியாக ஆடி மாதம் பிறந்தது. மேற்கு மலையில் மழை வலுத்தது. ஏரி நிரம்பிக் கரையின் கழுத்துக்கு வந்தது.

ஒருநாள் காலை மூக்காயி கரையின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு, வெளிப்பக்கமும் ஒரு நடை போனாள். நண்டு வளை ஒன்றிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தெளிவாக ஒழுகினால் பயமில்லை, எல்லா ஏரியும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். இது கலங்கலாக ஒழுகியது. அப்படியென்றால் கரை உள்ளுக்குள்ளே கரைகிறது.

கீழே அவளுடைய நாலு முட்டை. அதற்கும் கீழே முயல் வளைகள். அதற்கும் கீழே, பள்ளத்தில், குளுகுளுவென்று அரசரின் குகை.

மூக்காயி வாயைத் திறந்தாள். தலையில் பூ ஆடியது. அரசரின் காலை உணவு நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு மந்திரியிடம் பறந்தாள்.

"மந்திரி ஐயா! ஏரிக்கரை..."

"உஸ்! வாயால் சொல்லாதே. காற்றுக்குக் கேட்கும். இலையில் எழுது. மடி. அரக்கு வை. ஆமையாரிடம் கொடு. அவர் அரசரிடம் சேர்ப்பார்."

"ஐயா, அவசரங்க!"

"அவசரம் என்றால் இரண்டு அரக்கு வை!"

மூக்காயி எழுதி, மடித்து, இரண்டு அரக்கு வைத்தாள். ஆமையார் அந்த இலைக்கோப்பை முதுகில் ஏற்றிக்கொண்டார். குகை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவர் எதிர்த்திசையில் நடக்க ஆரம்பித்தார்.

"ஐயா, குகை இந்தப் பக்கம்!"

"ரகசியக் கோப்பும்மா! நேர் வழியில போனா எல்லாருக்கும் தெரிஞ்சிடாதா? கிழக்கு மலையைச் சுத்தித்தான் போகணும்" என்று சொல்லிவிட்டு ஆமையார் அடுத்த காலை எடுத்து வைத்தார்.

இரண்டு நாள் போயிற்று. ஒழுகல் விரல் கனத்திலிருந்து சிங்கத்தின் வால் கனத்துக்கு வந்தது. கோப்பு மலையின் பின்பக்கத்தில் எங்கோ இருந்தது. மூக்காயிக்குத் தீனி இறங்கவில்லை. அடைகாத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் வீரணன் பார்த்தான்.

"என்ன புள்ள, மூஞ்சியே சரியில்ல?"

"ஒண்ணுமில்லங்க."

"ஒண்ணுமில்லாமத்தான் முட்டையப் பாத்துப் பாத்துக் கண்ணு கலங்குறியா?"

"என்னால சொல்ல முடியாதுங்க. நீங்க பொதுமக்கள்!"

"நான் உன் புருஷன்டி!"

"புருஷனா இருந்தா? தலையில பூ இல்லையே!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் வீரணனிடம் சொல்லாத முதல் சேதி இதுதான்.

அப்போது வெள்ளையம்மா முயல் தன் ஏழு குட்டிகளோடு அந்த வழியாக வந்தாள்.

"மூக்காயக்கா, வளைக்குள்ள ஈரமா இருக்கே, ஏன்? ஒருவேளை ஏரி..."

"அது குறித்துக் கருத்துக் கூற எனக்கு..." என்று தொடங்கிய மூக்காயி பாதியிலேயே நிறுத்தினாள். ஏழு குட்டிகளும் அவளையே பார்த்தன. வெட்கமாக இருந்தது. சேவலைப் பார்த்துச் சிரித்தவள்தானே அவளும்! இப்போது சேவலின் பாஷை அவள் வாயிலேயே வந்துவிட்டது.

மூக்காயி ஓடிப்போய்த் தன் உத்தரவு இலையை எடுத்துப் படித்தாள். முன்பக்கம் முழுக்க, "கூடாது, கூடாது" என்றே இருந்தது. திருப்பினாள். பின்பக்கம், கடைசியில், எறும்பளவு எழுத்தில் ஒரு வரி இருந்தது.

"வேலைப்பளு மிகுந்தால் அதிகாரி தமக்கு வேண்டிய உதவியாளர்களைப் பூச்சூட்டி நியமித்துக்கொள்ளலாம். எத்தனை பேர் என்பதை அவரே முடிவு செய்யலாம். அதிகாரிகள் தமக்குள் எதையும் பேசிக்கொள்ளலாம்."

மந்திரி அந்த வரியைத் தன் மச்சான்மார் பதினாறு பேரை வேலையில் ஏற்றுவதற்காகச் சேர்த்திருந்தார். அதை வேறு யாரும் படிப்பார்கள் என்று அவர் நினைக்கவேயில்லை.

மூக்காயி ஒரு கொத்து ஆவாரம்பூவைக் கொத்திக்கொண்டு வந்தாள். முதல் பூவை வீரணன் தலையில் செருகினாள்.

"உங்களை வேலையில சேத்தாச்சு! கரை உள்ளுக்குள்ள கரையுதுங்க! ரெண்டு நாளா நெஞ்சுல வச்சுக்கிட்டுச் சாகுறேன்!"

"அட பாவி மகளே! இதையா சொல்லாம இருந்த?"

"திட்டுறத அப்புறம் திட்டுங்க. பூவப் பறிங்க!"

அடுத்த பூ வெள்ளையம்மாவுக்கு.

"எனக்கு எதுக்கக்கா உத்தியோகம்? என்ன வேலை செய்யணும்?"

"கேக்கணும். கேட்டுட்டு மேட்டுக்கு ஓடணும். அவ்வளவுதான் வேலை!"

அப்புறம் பார்க்க வேண்டுமே! எலிக்கு ஒரு பூ, மானுக்கு ஒரு பூ, முயல் குட்டி ஏழுக்கும் ஏழு பூ. மலைப்பாம்பின் தலையில் பூ நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியில் மந்தாரைக் கொடியால் கட்டிவிட்டார்கள். எறும்புகளுக்கு ஆளுக்கொரு மகரந்தத் தூள். வளை தோண்டிய நண்டே வந்து, "என்னையும் சேத்துக்கங்க, தப்பு என் மேலதான்" என்று கொடுக்கை நீட்டியது. அதற்கும் ஒரு பூ கிடைத்தது. மதியத்துக்குள் காட்டில் ஆவாரஞ்செடி மொட்டையாகிவிட்டது.

பெரிய குரங்கு ஒன்றை, "முட்டைப் போக்குவரத்து உதவியாளர்" என்று நியமித்தாள் மூக்காயி. அது நாலு முட்டையையும் பஞ்சில் பொதிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மேட்டுக்குக் கொண்டுபோயிற்று. வழியில் கிளை கிளையாய் நாவல்பழம் தொங்கியும் அது கை நீட்டவில்லை. உத்தியோகம் என்றால் சும்மாவா!

பிராணிகள் எல்லாம் மேட்டில் ஏறின. மூக்காயி தலைகளை எண்ணிப் பார்த்தாள். பூ இல்லாத தலை ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் உறைத்தது. ஒரு தலை பாக்கி!

"போகாத புள்ள! அவராலதானே இவ்வளவு பாடு!" என்றான் வீரணன்.

"ராசாவா இருந்தாலும் அதுவும் ஒரு உயிருதானேங்க" என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த ஒரே பூவை வாயில் கவ்விக்கொண்டு பள்ளத்துக்குப் பறந்தாள்.

குகை வாசலில் பிடரிவேந்தர் படுத்திருந்தார். மந்திரி பக்கத்தில் உட்கார்ந்து, முள் பிடுங்கிய தன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ராசா! ஒரு அவசரச் சேதிங்க! இந்தப் பூவ வச்சுக்கிட்டீங்கன்னா சொல்லிடுவேன்!"

"என்ன! நான் பூச்சூடுவதா? அது வேலைக்காரர்கள் சூடுவது! நான் அதிகாரிகளுக்கெல்லாம் அரசன்!"

"பூ இல்லாதவங்க யாரா இருந்தாலும் பொதுமக்கள்னு மந்திரி ஐயா எழுதியிருக்காரே?"

அரசர் மந்திரியைப் பார்த்தார். மந்திரி விழித்தார். ஆனாலும் தான் எழுதிய சட்டத்தைத் தானே விட்டுக்கொடுப்பாரா?

"ஆமாம் அரசே. சட்டப்படி பார்த்தால், இவள் அந்தச் செய்தியைத் தங்களிடம் சொல்லக் கூடாதுதான்!"

"சபாஷ்! சட்டம் என்றால் இப்படி இருக்க வேண்டும். என்னிடம்கூடச் சொல்ல முடியாத அளவுக்கு ரகசியம்!" என்று பிடரிவேந்தர் மகிழ்ந்து போனார்.

மூக்காயிக்குப் பொறுமை போயிற்று. பூவைத் தூ என்று துப்பினாள்.

"கரை உடையப் போகுது! எல்லாரும் மேட்டுக்குப் போயாச்சு! எந்திரிச்சு ஓடுங்க ராசா! ஓடுங்க!"

குகையே அதிர்ந்தது. பிடரிவேந்தர் பாதி எழுந்துவிட்டார். "மந்திரி, கரை உடையப் போகிறதாமே?"

"அப்படி எந்தக் கோப்பும் வரவில்லை அரசே. கோப்பில் இல்லாதது எப்படி நடக்கும்? அதைவிடப் பெரிய விஷயம், இவள் சட்டத்தை மீறியிருக்கிறாள்!"

அரசர் மறுபடியும் உட்கார்ந்தார். "அதுவும் சரிதான். முதலில் இவள் மேல் ஒரு கோப்புத் திற. ஏய், உன் முட்டைகள் எங்கே?"

"அதைச் சொல்ல எனக்கு அதிகாரமில்லைங்க!" என்று சொல்லிவிட்டு மூக்காயி பறந்துவிட்டாள்.

மந்திரி முள்ளைப் பிடுங்கினார். "குற்றம் ஒன்று" என்று எழுதினார். "குற்றம் இரண்டு" என்று எழுதும்போது இலை ஈரமாக இருந்தது. "இது என்ன?" என்றார் அரசர். "விசாரித்துச் சொல்கிறேன்" என்றார் மந்திரி.

அதற்குள் கரை பிய்த்துக்கொண்டது. ஏரி மொத்தமும் பள்ளத்தில் இறங்கியது. பிடரிவேந்தர் இரண்டு முழுக்குப் போட்டு, மூன்றாம் முழுக்கில் ஓர் அத்திமரக் கிளையைப் பிடித்துக்கொண்டார். மந்திரி அரசரின் வாலைப் பிடித்துக்கொண்டார். ஒரு முள்ளம்பன்றி வந்து வாலைப் பிடித்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த வெள்ளத்தில் ஆமையார் வந்துகொண்டிருந்தார். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவர் போனதே கிடையாது. கிளைக்குக் கீழே வந்ததும் கோப்பை மேலே நீட்டினார்.

"அரசே, அவசரக் கோப்பு! ரெண்டு அரக்கு!"

பிடரிவேந்தர் அதை வாங்கிப் பிரித்தார். "ஏரிக்கரையில் கலங்கல் கசிவு. உடனே மேட்டுக்குப் போகவும்" என்று இருந்தது. படித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். மேட்டின் மேல் மஞ்சள் மஞ்சளாய்த் தலைகள் தெரிந்தன.

"இது... இது எத்தனை பேருக்குத் தெரியும்?"

"காட்டுல எல்லாருக்கும் தெரியும் அரசே. உங்க ஒருத்தருக்குத்தான் தெரியாது!" என்றார் ஆமையார்.

அரசருக்கு அழுகை வந்துவிட்டது. உத்தரவு இலையைக் கொண்டுவரச் சொல்லிக் கிழித்துப்போட அவர் கை பரபரத்தது. ஆனால் அந்த இலை வெள்ளத்தோடு எப்போதோ போய்விட்டிருந்தது.

மேட்டில் அந்த நேரம் முதல் முட்டை விரிசல் விட்டது. மூக்காயி யாரையும் கேட்கவில்லை. "குஞ்சு பொரிச்சிருச்சு! என் குஞ்சு பொரிச்சிருச்சு!" என்று காடே கேட்கக் கத்தினாள்.

குடிமக்கள் கண்ணில் படாதபடி உண்மையை மூடி வைக்கும் அரசு, கடைசியில் அந்த உண்மையைத் தன் கண்ணிலிருந்தே மறைத்துக்கொள்கிறது.