ஊருணிக் கரையில் மூன்று பங்கு

கதை சின்னது. நடுவில் குறுக்கே பேசாமல் கேட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். கேள்வி கடைசியில்தான்.

வேலாங்கரையில் ஊரே ஊருணித் தண்ணீரைத்தான் குடிக்கிறது. கிணறெல்லாம் உப்பு. அதனால் ஊருணியில் தண்ணீர் நிற்கும்வரை ஆளோ ஆடோ கால் வைக்கக் கூடாது. படியில் நின்று மொண்டுகொண்டு போக வேண்டியதுதான். அந்த ஊருணியின் தெற்குக் கரையில் சம்பு என்கிற கோரை மண்டியது. ஆள் உயரம், வாள் மாதிரி இலை. குடத்தை இறக்க இடம் தேட வேண்டியதாயிற்று.

ஊர்க்கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "மருந்தடிச்சா ஒரே வாரம். கருகிப்போயிரும்." பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

ஊருணிப் பொறுப்பு பஞ்சவர்ணத்திடம் இருந்தது. அவள் எழுந்தாள். "கருகுனது எங்க போகும்? நம்ம குடத்துக்குத்தானே வரும்? கையால எடுப்போம்."

"யாரு, நீயா எடுக்கப்போற?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவள் யோசிக்காமல் வாக்குக் கொடுத்தாள். தெற்குக் கரையை மூன்று பங்காக்குவது. பங்குக்கு ஓர் ஆள். மருந்தைத் தொடக் கூடாது. மழை பெய்து ஊருணி நிரம்பும் நாளில் எந்தப் பங்கில் சம்பு இல்லையோ, அந்தப் பங்குக்காரருக்கே அந்த வருஷத்து மீன்.

கூட்டம் சம்மதித்தது, ஒரு முடிச்சோடு. "இது அடிதடியில முடிஞ்சா அடுத்த வருஷம் மருந்துதான். அப்ப நீ வாயத் திறக்கக் கூடாது."

அது கோடை. ஊருணி வறண்டு கிடந்தது. மூன்று பேர் வந்தார்கள்.

முதல் ஆள் பூமிநாதன். நல்ல உடம்புக்காரன், நல்ல உழைப்பாளி. மண்வெட்டி எடுத்துத் தன் பங்கைத் தோண்டினான். சம்புக் கிழங்கு விரல் தடிமனில் கொடி கொடியாக ஓடியிருந்தது. ஒன்று விடாமல் வெட்டி எடுத்துக் கரைமேலேயே குவித்தான். குவியல் மேலே காய்ந்தது. உள்ளே ஈரம் இருந்தது. அதை யார் பார்த்தார்கள்?

அடுத்தவள் இருளாயி. ஆட்டுக்காரி. தண்ணீர் இல்லாதபோது ஆடு இறங்க ஊர் தடை சொல்லாது. தினமும் ஓட்டி வந்தாள். ஆடுகள் குருத்தைக் கடித்துத் தரையோடு ஆக்கின; கடிக்கக் கடிக்க அது மறுபடி துளிர்த்தது.

மூன்றாவது ஆள் சேவுகன். கோடை முழுக்க ஒன்றுமே செய்யவில்லை.

"என்ன கொழுந்தனாரே, சம்பு தானா எந்திரிச்சு வீட்டுக்குப் போகுமா?" என்று கேட்டாள் இருளாயி.

"போகும் மதினி. தண்ணி வரட்டும்."

"மீன் வேணுமாம், மேலு வலிக்கக் கூடாதாம்!" என்றான் பூமிநாதன்.

பஞ்சவர்ணத்துக்கே எரிச்சல். இவன் ஒருவனால் தன் பேச்சு காற்றில் போகும் என்று நினைத்தாள். போய்ச் சத்தமும் போட்டாள். அவன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான். "வருது அக்கா" என்றான். எது வருகிறது என்று சொல்லவில்லை.

மழை வந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கியதும் சேவுகன் நீண்ட தொரட்டியோடு வந்தான். கரையில் நின்றபடியே கொக்கியைத் தண்ணீருக்குள் விட்டு, சம்பை நீர்மட்டத்துக்குக் கீழே அறுத்தான். தண்ணீர் இன்னும் ஏற, வெட்டுவாயெல்லாம் மூழ்கியது. மூச்சுக்கு வழியில்லாமல் கிழங்கு அடியிலேயே அழுகிவிட்டது. அறுத்ததையெல்லாம் இழுத்துக் கட்டிச் சுமந்துபோய்த் தன் தென்னை மரங்களின் அடியில் மூடாக்காகப் பரப்பினான்.

ஊருணி நிரம்பியது. பஞ்சவர்ணம் கூட்டத்தோடு பார்க்கப் போனாள்.

பூமிநாதன் பங்கு உள்ளங்கை மாதிரி இருந்தது. ஒரு முளை இல்லை. கரைமேல் இருந்த குவியல் மட்டும் பாதியாகக் குறைந்திருந்தது.

இருளாயி பங்கிலும் தலை தெரியவில்லை. ஆனால் தண்ணீருக்கடியில் கிள்ளிய குருத்துகள், வெட்டு நிறம் மாறாமல். அவள் கையில் நுனியில் கத்தி கட்டிய ஒரு கழி.

"காலையில கிள்ளுனியா?" என்று கேட்டாள் பஞ்சவர்ணம்.

"கிள்ளக் கூடாதுன்னு யாரு சொன்னது மதினி? மருந்தா அடிச்சேன்?"

சேவுகன் பங்கில் பழைய சம்பு செத்திருந்தது. ஆனால் கரையோரம் பச்சைப் பசேலென்று புது முளைகள் நின்றன. பூமிநாதன் தொடையைத் தட்டிச் சிரித்தான்.

பஞ்சவர்ணம் படியில் குனிந்து ஒரு முளையை இழுத்தாள். இழுத்த மாத்திரத்தில் வந்தது. அடியில் துண்டுக் கிழங்கு. இரண்டு முனையும் மண்வெட்டி சீவிய வெட்டு. அடுத்ததை இழுத்தாள். அதுவும் அப்படியே. சேவுகன் மண்வெட்டியைத் தொட்டதே இல்லை. மழை குவியலைக் கரைத்து இந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது.

"நான் வேணும்னா செஞ்சேன்? என் பங்கு சுத்தம். வாக்குன்னா வாக்குக்கா" என்றான் பூமிநாதன்.

"எம் பங்கும் சுத்தம்தான்" என்றாள் இருளாயி.

 கூட்டத்தில் யாரோ மருந்து என்று முணுமுணுத்தார்கள். தவறாகச் சொன்னால் தண்ணீர் போச்சு. பஞ்சவர்ணம் கையில் கிழங்கோடு நின்றாள்.

வாக்குப்படி பார்த்தால் இரண்டு பங்கு சுத்தம். வேலைப்படி பார்த்தால் வேறு. இப்போது சொல்லுங்கள், மீன் யாருக்கு?

விடை: சேவுகனுக்கு. அவன் பங்கில் வேர் செத்தது, அறுத்ததும் ஊருணியை விட்டே போனது. இருளாயி சம்புக்கு முடி வெட்டினாள். வேர் சுகமாக இருக்கிறது. பூமிநாதன் வேரையே எடுத்தான், ஆனால் ஊருணியை விட்டு எடுக்கவில்லை. பஞ்சவர்ணம் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஊருணிக்குச் சம்பு வேண்டாம்னுதான் மீனு தாரேன்னேன். ஒம் பங்குல இருந்து அவன் பங்குக்கு மாத்தி வைக்கவா சொன்னேன்?" பூமிநாதன் கிழங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வெட்டு அவனுடையது, அது அவனைவிட யாருக்குத் தெரியும்? போய்க் கூடை எடுத்துவந்து மிச்சக் குவியலை அள்ள ஆரம்பித்தான். அதற்குமேல் மருந்துப் பேச்சு எழவில்லை. பூமிநாதனுக்கே மீன் என்று சொன்னவர்கள், தங்கள் வீட்டுக் குப்பையை மழை எந்தப் பக்கம் கொண்டுபோகிறது என்று ஒரு நடை பார்த்துவிட்டு வரட்டும்.