இருபத்தேழு ரூபாய் தண்டம்

"இந்த மடத்துக்குள்ள எவனோ ஒருத்தன் ஒரு ஏழை மனுஷி காசுல கை வச்சிருக்கான்."

பந்தி நடுவில் நின்று மூக்கையா இப்படிச் சொன்னதும், ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். இலை முன்னால் இருந்த பதினைந்து பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மடத்துச் சாமி மட்டும் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மூக்கையா கையில் ஏடிஎம் மெஷின் கொடுத்த துண்டுச் சீட்டு. மாதம் பிறந்த முதல் நாள். விடிந்ததும் போய் வரிசையில் நின்று பணம் எடுத்துவிட்டு வந்த சூடு இன்னும் தணியவில்லை. மடத்துத் தெருப் பேச்சியம்மா கார்டில் யாரோ நேற்று முந்நூறு ரூபாய் எடுத்திருக்கிறார்கள். அதற்கு வரியும் சேர்த்து இருபத்தேழு ரூபாயை வங்கி பிடித்துக்கொண்டிருக்கிறது.

"திருடனா இருந்தாக்கூட மன்னிப்பேன். முந்நூறு எடுக்க இருபத்தேழு தண்டம் கட்டியிருக்கான் பாருங்க, இந்தக் கேனயனை மன்னிக்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. மூக்கையாவின் கோபம் எப்படிப்பட்டது என்று மடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

முப்பது வருஷம் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். பள்ளிக்கூடத்து நிழலில்கூட ஒதுங்கியதில்லை. ஏமாந்து ஏமாந்து, அடி வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்ட ஆள். ஐம்பத்தெட்டு வயதில், இந்தக் கோபம் போனால் போதும் என்று மடத்துக்கு வந்து சேர்ந்தார். சாமி அவரைவிடப் பதினாறு வயது இளையவர். அவரைக் குருவென்று கும்பிடவே மூக்கையாவுக்கு ஒரு வருஷம் பிடித்தது.

சாமி அவருக்கு ஜபமும் தரவில்லை, தியானமும் தரவில்லை. ஒரு வேலை தந்தார். மடத்துத் தெருவில் தனியாக இருக்கும் பெண்கள் பத்தொன்பது பேர். மாதாமாதம் உதவித்தொகை வங்கிக்கு வந்துவிடும். மெஷினில் எடுக்கத் தெரியாது. மொத்தமாக எடுத்து வீட்டில் வைத்தால் குடிக்கிற மகனோ மருமகனோ தடவிக்கொண்டு போய்விடுவான். அதனால் இருநூறு, முந்நூறு என்று துளித்துளியாகத்தான் கேட்பார்கள். மாதத்தில் ஐந்து தடவைக்கு மேல் எடுத்தால் வங்கி காசு பிடிக்கும். அந்தப் பத்தொன்பது கார்டையும் ரப்பர் பேண்டு போட்டுத் தகரப் பெட்டியில் வைத்துக்கொண்டு, கேட்டபோது எடுத்துக் கொடுக்கவேண்டும். அதுதான் வேலை.

மூக்கையா அதைச் சந்தை போலவே நடத்தினார். பஸ் ஸ்டாண்டில் இருப்பது வேறு வங்கி மெஷின் என்பதால் அதைத் தொடமாட்டார். மூன்று கிலோமீட்டர் நடந்து சொந்த வங்கிக்கே போவார். வேறு இடத்தில் மீதி பார்த்தாலும் ஒரு தடவை போய்விடும் என்று பார்க்கவும் மாட்டார். ஒரு முறை தவறாகப் பிடித்த காசுக்கு வங்கியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, திரும்பப் போட்ட பிறகுதான் எழுந்தார். பதினாலு மாதத்தில் பத்தொன்பது பேருக்கும் ஒரு ரூபாய் தண்டம் போனதில்லை. நேற்று வரைக்கும்.

சாமி சாப்பிட்டு முடித்து இலையை மடித்தார்.

"எடுத்தவனை என்ன செய்யலாம்ணே?"

"அவ இப்ப ஊர்ல இல்ல. வந்து இறங்கினதும் அவ கையில கொண்டுபோய்க் கொடுக்கணும். எடுத்தவனே கொடுக்கணும். நல்லதுக்குத்தான் செஞ்சேன்னு பல்லிளிக்கக் கூடாது."

"சரி," என்றார் சாமி. "எடுத்தது நான்தான்."

ரசக் கரண்டி குண்டானுக்குள் இறங்கிய சத்தம் கேட்டது.

சாமி காசைத் தொட்டுப் பதினொரு வருஷம் ஆகிறது. மடத்துக்கு அரிசியாக வரும், பருப்பாக வரும்; ரூபாய் நோட்டை அவர் கையால் வாங்கி யாரும் பார்த்ததில்லை.  சொன்ன வார்த்தையைத் திருப்பி வாங்க மூக்கையாவுக்கு வழி தெரியவில்லை.

சாமி கை கழுவ வெளியே போனார். மூக்கையா பின்னாலேயே போனார்.

"சாமிக்கு மெஷின்ல எடுக்கத் தெரியுமா?"

"தெரியாது. பின்னால நின்ன ஆட்டோக்காரத் தம்பி சொல்லச் சொல்ல அமுக்கினேன்."

"காசு பிடிப்பான்னு தெரியாம அமுக்கிட்டீங்களா?"

"தெரியும். இவ்வளவு பிடிப்போம், சம்மதமான்னு மெஷினே கேட்டுச்சுண்ணே."

மூக்கையா வாசல் பக்கம் பார்த்தார்.

வாசலில் பேச்சியம்மாவின் விளக்குமாறு சுவரோரம் சாய்ந்திருந்தது. மடத்து வாசலைத் தினமும் கூட்டுவது அவள்தான். அவள் ஊரில் இல்லாத இன்றைக்கும் வாசல் சுத்தமாக இருந்தது. சாமி விரல் ஓரத்தில் புதிதாக ஒரு கொப்புளம்.

"எங்கிட்ட ஏது காசு? அதான் அவளுக்குப் பதிலாக் கூட்டுறேன். இருபத்தேழு ரூபாய்க்கு எத்தனை நாள் கூட்டணும்னு அவ வந்து சொல்லட்டும்."

"ரெண்டு நாள் பொறுத்திருந்தா இந்தத் தண்டமே இல்லையே சாமி. அதைத்தான் நான் அவகிட்டச் சொன்னேன்."

"எப்பச் சொன்னீங்க?"

முந்தாநாள், இருபத்தொன்பதாம் தேதி. பேச்சியம்மா வந்து முந்நூறு ரூபாய் கேட்டாள். ஐந்து தடவையும் தீர்ந்துபோயிருந்தது. தீர்ந்துபோச்சு, மாசம் பிறக்கட்டும் என்றார் மூக்கையா. அவள் போகாமல் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பத்தொன்பது பேருக்கும் ஒரே சட்டம்தான், உனக்கு ஒண்ணு ஊருக்கு ஒண்ணா என்று இவர் ஒரு அதட்டுப் போட்டார். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மாட்டை ஏன் விற்கிறாய் என்று தரகன் கேட்கமாட்டான். மகள் கல்யாணம் என்பான், ஆஸ்பத்திரிச் செலவு என்பான். காதில் விழுந்தால் கை இளகிவிடும், விலை கெட்டுவிடும். முப்பது வருஷப் பழக்கம்.

"நேத்து மதியம் கூட்டிக்கிட்டே இருந்தவ பாதியில நின்னுட்டா," என்றார் சாமி. "என்னம்மான்னு கேட்டேன். ராஜபாளையத்துப் பக்கம் தங்கச்சி கடைசி மூச்சுல கிடக்காளாம். அக்கா வந்துட்டாளா, அக்கா வந்துட்டாளான்னு கேட்டுக்கிட்டே இருக்காளாம். டவுன் பஸ்ஸுன்னா பொம்பளைங்களுக்கு இலவசம், சும்மா போயிருப்பா. அது தூர பஸ்."

"யார்கிட்டயாவது கைமாத்து வாங்கியிருக்கலாமே."

"வாங்க மாட்டா. எங்காசு இருக்கைல நான் ஏன் சாமி அடுத்தவகிட்டக் கையேந்தணும்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. ரகசிய நம்பரைக் கேட்டுக்கிட்டு, உங்க பெட்டியிலிருந்து கார்டை எடுத்துக்கிட்டுப் போனேன்."

மூக்கையா மெதுவாகக் கேட்டார். "போய்ச் சேர்ந்தாளா?"

"ஏழு மணிக்குச் சேர்ந்தா. அஞ்சு மணிக்கே தங்கச்சியைத் தூக்கிட்டாங்க."

வெயில் முற்றத்துப் பாதிக்கு வந்திருந்தது. பந்தியில் எழுந்தவர்கள் இவர்களைச் சுற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் கை கழுவிப் போனார்கள்.

"நான் நல்லதுக்குத்தானே சாமி..."

சொல்லவந்ததை மூக்கையா பாதியில் விழுங்கினார். சற்று முன் பந்தியில் தானே சொன்னது காதில் கேட்டிருக்கவேண்டும்.

அவர் தோளில் கிடந்த துண்டைச் சாமி எடுத்தார். சந்தையை விட்டு வந்த பிறகும் அதை மட்டும் மூக்கையா விடவில்லை. எத்தனையோ மாடுகளுக்கு அந்தத் துண்டுக்கு அடியில்தான் விலை பேசியிருக்கிறார். வாய் திறக்காமல், விரலைப் பிடித்து, மடக்கி, அழுத்தி. சாமி தன் வலது கையை நீட்டி, அதன்மேல் துண்டைப் போட்டார்.

"வாங்கண்ணே. விலை பேசுவோம்."

"என்னத்துக்குச் சாமி?"

"ஒரு சாயங்காலம். முந்தாநாள், தங்கச்சி உயிரோட இருந்த சாயங்காலம். அவ விக்கிறா. நீங்க வாங்கிட்டீங்க. என்ன விலைன்னு சொல்லுங்க."

மூக்கையா கையைத் துண்டுக்குள் விட்டார். சாமியின் விரல்கள் தட்டுப்பட்டன. ஒரு விரலைப் பிடித்தார், விட்டார். இரண்டைப் பிடித்தார். பிறகு ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார். அடுத்து எதைப் பிடிப்பது என்று தெரியாமல், அந்தக் கையைப் பற்றியபடியே நின்றார். 

"படியலையா?"

"படியல சாமி."

"எத்தனை சந்தை பார்த்த கை இது."

 மூக்கையா கண்ணைத் துடைக்கவேண்டும், துடைக்கிற கை துண்டுக்குள் இருந்தது.

அப்படியே கேட்டார். "நான் என்ன செய்யட்டும்? நீங்க சொல்லுங்க, செய்றேன்."

சாமி கையை விடுவித்துக்கொண்டு, துண்டை உதறி, அவர் தோளிலேயே போட்டார்.

"நான் எதுக்குச் சொல்லணும்? பந்தியில பதினஞ்சு பேர் முன்னால நீங்களே தீர்ப்புச் சொல்லிட்டீங்க. மூணு மணி பஸ்ல அவ வந்து இறங்குறா. அந்தச் சாயங்காலத்தை எடுத்தவன் போய் அவ கையில கொடுக்கட்டும்."