விரிசலின் குறுக்கே ஒரு தாள்

தங்கப்பழம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். வயது ஐம்பத்தெட்டு. சாத்தான்குளத்துக்கு மேற்கே வாங்கிப் போட்டிருந்த மூன்று சென்ட்டில் தன் கையாலேயே வீடு கட்ட ஆசைப்பட்டார். வேலை கற்றுக்கொடுத்தது ஜெசிந்தா மேஸ்திரி. அவருக்கு வயது முப்பத்தாறு.

அந்த இடத்துச் செம்மண்ணிலேயே கொஞ்சம் சிமெண்ட் கலந்து, அச்சில் அழுத்திக் கல் செய்தார்கள். சுவர் எழும்பியது. ஓடும் வேய்ந்தாயிற்று.

பத்தாம் நாள் ஜன்னல் மூலையிலிருந்து மேலே ஒரு விரிசல் ஓடியது. முதலில் பார்த்தது தங்கப்பழத்தின் மனைவி இசக்கியம்மாள்.

"இந்த வீட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன்."

சொன்னதோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜெசிந்தா வந்தபோது தங்கப்பழத்தின் கையில் கடப்பாரை இருந்தது.

"இடிச்சிருதேன் மேஸ்திரி. இல்ல, தானா விழுந்துருமா? உண்மையைச் சொல்லுங்க."

ஜெசிந்தா விரிசலில் நகத்தை விட்டுப் பார்த்தார். பிறகு பழைய காலண்டரிலிருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்து, கஞ்சிப் பசை தடவி, வீட்டின் உள்பக்கம் விரிசலுக்குக் குறுக்கே இழுத்து ஒட்டினார்.

"தினமும் பாருங்க அண்ணாச்சி. சுவர் நகர்ந்தா தாள் கிழியும்."

"கிழியலன்னா?"

"மண்ணு காயும்போது சுருங்கினதுதான். அடைச்சிட்டுப் பூசிரலாம்."

"எத்தனை நாளு?"

"ஒரு மாசம்."

தினமும் விடிந்ததும் தங்கப்பழம் அந்தத் தாளின் முன் போய் நின்றார். மூன்றாவது வாரம் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. சாப்பாடு இறங்கவில்லை. மழை விட்டதும் விரலால் தாளைத் தடவிப் பார்த்தார். பார்த்தது போதாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

மாதம் முடிந்து ஜெசிந்தா வந்தார்.

"கிழியல மேஸ்திரி!" தங்கப்பழம் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உடனே மனைவிக்கு போன் போட்டார். "ஏ இசக்கி, சாமானெல்லாம் கட்டு. பால் காய்ச்சுவோம்."

போனை வைத்த பிறகு கொஞ்சம் கோபமும் வந்தது.

"இது வெறும் சுருக்கம்தான்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நான் நிம்மதியா தூங்கியிருப்பேன்."

விரிசலை அடைக்க மண் குழைத்துக்கொண்டே ஜெசிந்தா சொன்னார்:

"அப்ப என்னைத்தான் நம்பியிருப்பீங்க. நான் சாயங்காலமானா என் வீட்டுக்குப் போயிருவேன் அண்ணாச்சி. உங்க கூட இருக்கப்போறது சுவருதான்."