மீன்களுக்காகக் கரையேறிய ஆமை

காட்டு ஏரி ஒன்றில் ஒரு விரால் மீன் தன் குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. ஒரு கைப்பிடி குங்குமத்தைத் தண்ணீரில் தூவியதுபோல் அந்தக் குஞ்சுகள் செக்கச் செவேலென்று தாயின் தலைக்கு மேலே நீந்தும். கோடையில் ஏரி வற்றிவிடும். நடுவில் உள்ள மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். அது தெளிவாக இருந்தால் குஞ்சுகள் பிழைக்கும். கலங்கினால் சாகும்.

காட்டுப்பன்றிகளுக்கு அந்த மடுவில் இறங்கிப் புரள ஆசை. கடமான்களோ தெளிந்த நீரைத்தான் குடிக்கும். அதனால் பன்றிகளை உள்ளே விடக் கூடாது என்று சொல்லி வந்தன.

இந்தச் சண்டையைத் தீர்க்க அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கோடை தொடங்கும்போது ஒவ்வோர் இனமும் ஒரு பிரதிநிதியை அனுப்பும். கடமானுக்கு ஆதரவானவர்கள் மருத மரத்தடியில் நிற்பார்கள். பன்றிக்கு ஆதரவானவர்கள் இலுப்பை மரத்தடியில் நிற்பார்கள். எந்த மரத்தடியில் ஆள் அதிகமோ அந்தப் பக்கத்துக்கு மடு. நடுவில் யாராவது மரம் மாறினால் மடுவும் கைமாறும்.

மீன்கள் கரையேற முடியாது. எனவே, நீரிலும் நிலத்திலும் நடமாடும் ஆமையைத் தங்கள் பிரதிநிதியாக்கின.

"தம்பி, மருத மரத்தடியில்தானே நிற்பாய்?" என்று விரால் கேட்டது.

"என்ன அக்கா இப்படிக் கேட்டுவிட்டாய்? உன் பிள்ளைகள் எனக்கு மருமக்கள் இல்லையா? என் ஓடு பிளந்தாலும் இலுப்பை நிழல் என்மேல் படாது."

சொன்னபடியே ஆமை மருத மரத்தடியில் நின்றது. மற்றவர்கள் இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால், அந்த ஓர் ஆமையால் கடமான் பக்கம் வென்றது. பன்றிகள் காட்டுக்குள் திரும்பிப் போயின.

சில நாள் கழித்துக் கிழட்டுப் பன்றி ஒன்று ஆமையைத் தேடி வந்தது.

"என்ன ஆமையாரே, உம்மால்தான் அவர்கள் ஆள்கிறார்கள். உமக்கு என்ன பதவி கொடுத்தார்கள்?"

"யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள்."

"நன்றாக யோசிக்கட்டும். மடுவின் நடுவே ஒரு பாறை இருக்கிறதே, அதில் நீர் ஒருவர் மட்டும் வெயில் காயலாம் என்று நாங்கள் முடிவு செய்திருக்கிறோம். துணைத் தலைவர் என்றுதான் எங்கள் குட்டிகள் உம்மைக் கூப்பிடும்."

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. பிறகு ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"பாறை எவ்வளவு அகலம்?"

மறுநாள் ஆமை இலுப்பை மரத்தடியில் நின்றது. மீன்களுக்குக் கரையில் நடப்பது தெரியாது. பன்றிகள் தொப்பென்று மடுவில் விழுந்து தண்ணீர் சேறான பிறகுதான் தெரிந்தது.

விரால் பாறையருகே வந்து தலையைத் தூக்கியது.

"தம்பி, உன்னை எதற்கு அனுப்பினோம்?"

"உங்கள் நன்மைக்காகத்தான் மாறினேன் அக்கா. எதிர்ப்பக்கத்தில் இருந்தால் என்ன செய்ய முடியும்? ஆள்கிறவர்களோடு இருந்தால்தானே உங்களுக்காக நாலு வார்த்தை பேச முடியும்?"

"என் பிள்ளைகள் மூச்சுத் திணறுகின்றன. அந்த நாலு வார்த்தையில் ஒன்றை இப்போதே பேசு."

"சமயம் பார்த்துப் பேசுகிறேன்" என்று ஆமை கண்ணை மூடிக்கொண்டது.

குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளுத்து மேலே மிதந்தன. தாய் அவற்றைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் சுற்றிவர ஒன்றும் மிஞ்சவில்லை.

கோடை முடியும் சமயத்தில் ஒரு பன்றிக்குட்டி பாறைமேல் ஏறி, துணைத் தலைவரை மூக்கால் நெம்பிச் சேற்றில் தள்ளியது. பெரிய பன்றிகள் சிரித்தன. ஆமைக்கு அப்போதுதான் மானம் நினைவுக்கு வந்தது. நேரே மருத மரத்தடிக்கு நடந்தது.

அதுவரை ஆமையைத் துரோகி என்று திட்டிவந்த கடமான், "தாய்வீடு திரும்பிய தம்பியே, வருக!" என்று கொடி மாலை போட்டு வரவேற்றது. மடு மீண்டும் கடமான் பக்கம் வந்தது. பாறை மீண்டும் ஆமைக்கே போனது.

விரால் கேட்டது: "ஐயா, இவரைச் சேர்த்துக்கொள்ளும் முன் எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா? என் பிள்ளைகள் செத்ததற்கு இவர் பதில் சொல்ல வேண்டாமா?"

கடமான் குனிந்து, மெல்லிய குரலில் சொன்னது: "நீ சொல்வது நியாயம்தான் அம்மா. ஆனால் இப்போது எதையும் கேட்காதே. கேட்டால் மறுபடியும் போய்விடுவார்."

விரால் அதன்பின் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மழை பெய்தது. ஏரி நிரம்பிக் கலிங்கு வழியாகத் தண்ணீர் வெளியே பாய்ந்தது. சேற்றில் சாகாமல் தப்பிய மீன்கள் எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விட்டன. கடைசியாக விராலும் போனது.

அடுத்த கோடை வந்தது. ஆமை மருத மரத்தடியிலேயே நின்றதால் மடுவில் பன்றி இல்லை. ஆனால் பாசியையும் புழுவையும் தின்ன மீனும் இல்லை. தண்ணீர் பச்சையாகத் திரண்டு நாறியது. குடிக்க வந்த கடமான் முகத்தைச் சுளித்தது.

"மீன்களெல்லாம் எங்கே?"

பாறைமேல் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை, "கவலை வேண்டாம் தலைவரே. மீன்கள் அனைத்தும் நம் பக்கம்தான். அவர்கள் சார்பில் நான் இருக்கிறேனே" என்றது.

கடமான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. தூரத்தில் இலுப்பை மரத்தடியில் பன்றி நின்று ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தது. கடமான் வாயை மூடிக்கொண்டு, தண்ணீர் குடிக்காமலே திரும்பி நடந்தது.

நம்பி அனுப்பியவர்களை விட்டு மரம் மாறுகிறவன் மட்டுமல்ல, கேள்வி கேட்காமல் அவனுக்கு மாலை போடுகிறவனும் அவர்களின் குடியைக் கெடுக்கிறான்.